எர்த்துக் குழிக்கு ஊற்றிய தண்ணீர்

உலகத்திலேயே நல்ல புருஷன் யார் என்று கேட்டால், செத்துப்போன புருஷன் என்றுதான் சொல்வேன். அவர் குறட்டை விடமாட்டார். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளமாட்டார். சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டு, நாம் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வதுபோலச் சிரிப்பார். என் வீட்டுக்காரர் தங்கராஜ் அந்தப் பதவியில் சரியாக ஒரு வருஷம் இருந்தார். முதல் வருட நினைவு ஜெபத்தன்று, போதகர், சபை ஜனம், சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் பதவி பறிபோனது. பறித்தது வேறு யாருமில்லை, நான்தான். அதுவும் அவருக்காக வக்காலத்து வாங்கப் போய்.

காரணம், என் மருமகனின் பாட்டுப் பெட்டி போட்ட ஒரு முனகல்.

என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் வயர்மேன். காளவாசல் பக்கம் ஒரு சந்தில் நாங்கள் வீடு கட்டியபோது வயரிங் முழுக்க அவரே செய்தார். வேலை முடிந்த அன்று என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து அரை அடிக்கு ஒரு இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு பச்சை வயர் கட்டி, அது சுவரிலிருந்த ஓட்டைக்குள் போனது.

"லீதி, இதுதான் எர்த்துக் குழி. இந்த வீட்டுக்கு உயிரே இதுதான். ஆளு உயரத்துக்குத் தோண்டி, அடியில செம்புத் தகடு வச்சு, கரியும் உப்பும் போட்டு மூடியிருக்கேன். மண்ணு காஞ்சுச்சுன்னா கரண்டு மனுசனப் புடிச்சுரும். வாரந்தவறாம தண்ணி ஊத்து. கல்லுப்பு ரெண்டு கை போடு."

நான் மூன்றாவதுக்கு மேல் படிக்காதவள். அவர் சொன்னது எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் மாதிரி. சனிக்கிழமைதோறும் குளித்து முடித்து, ஈரத்தலையோடு போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ரெண்டு கை உப்புப் போடுவேன். இருபத்து மூன்று வருஷம். மதுரையே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடிய கோடையிலும் ஊற்றினேன். குளிக்காமல் இருந்திருக்கிறேன், குழாயைக் காயவிட்டதில்லை. (பெத்த பிள்ளைக்குக்கூட அம்புட்டுப் பொறுப்பா தண்ணி குடுத்ததில்ல.)

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். எங்கள் வீட்டு கிரைண்டர் அடிக்கும். ஃபிரிட்ஜ் வந்த பிறகு அதுவும் அடிக்கும். ஈரக் கையோடு தொட்டால் முழங்கைவரைக்கும் சுர்ரென்று ஏறும். முதல் தடவை அலறிக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"ஒனக்கு ஒடம்பு சூடு லீதி. சில பொம்பளைகளுக்கு ஒடம்புலயே கரண்டு ஜாஸ்தி. எண்ணெ தேச்சுக் குளி."

தேய்த்துக் குளித்தேன். அப்போதும் அடித்தது. ஒரு மரப்பலகை கொண்டுவந்து போட்டு, "இது மேல நின்னு ஆட்டு, செருப்பக் கழட்டாத" என்றார். வயர்மேனே சொன்ன பிறகு வேறென்ன? நானும் பலகைமேல் ஏறி நின்று, காலில் ரப்பர் செருப்போடு, மாவாட்டினேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "எனக்கு ஒடம்புல கரண்டு ஜாஸ்தி, டாக்டருக்கே புரியாது" என்று பெருமையடித்திருக்கிறேன். ஒருத்தி தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டும் பார்த்தேன்!

அவர் காலமான பிறகு நான் ஒற்றையாக இருக்கவேண்டாம் என்று மகள் ஜெபாவும் மருமகன் டேனியலும் என்னோடு வந்து தங்கினார்கள். டேனியல் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது, குடி கிடையாது. (அதுக்கெல்லாம் சேத்துவச்சு அந்தப் பெட்டி.) 'ஹை-ஃபை' என்பார். என் இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், அம்மிக்கல் கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு சுற்றுகிற தட்டு ஒன்று. முன்னறையில் இருந்த கட்டிலை வெளியே போட்டுவிட்டு அதையெல்லாம் உள்ளே வைத்தார். முதல் நாள் என்னை நடு அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"அத்தை, கண்ண மூடிக் கேளுங்க. வயலின் வாசிக்கிறவரு ஒங்க எதுத்தாப்புல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கும்."

மூடினேன். ம்ம்ம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன்.

"ஏன் மாப்ள, வயலின்காரருக்கு வயித்துவலியா?"

மருமகன் முகம் செத்துப்போயிற்று. "அது ஹம்மு அத்தை. கரண்டுலருந்து வருது. எங்க பழைய வீட்ல இது வந்ததே இல்ல."

அன்றிலிருந்து அந்த மனிதர் தூங்கவில்லை, எங்களையும் வாழவிடவில்லை. பெட்டியை அந்த மூலைக்கு நகர்த்தினார், இந்த மூலைக்கு நகர்த்தினார். ஒயரை மாற்றினார். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டார். என் மீன்குழம்பு நொந்துபோனது. சித்திரை வெயிலில் ஃபேனை அணைத்தார், நான் நொந்துபோனேன். கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெறுங்காலோடு நின்று ஆம்ப்ளிஃபயர்மேல் கையை வைத்தால் முனகல் அடங்கும். எடுத்தால் மறுபடி முனகும். பிறகென்ன, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்த தாய்மாதிரி, ஒரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டேதான் பாட்டுக் கேட்பார். ஜெபா தட்டில் போட்டுக் கொடுத்தால் வலது கையால் சாப்பிடுவார், இடது கை பெட்டிமேல்.

"சுர்ருன்னு இருக்குமே மாப்ள?" என்றேன்.

"இருக்கு அத்தை. லேசா."

"அப்ப ஒங்களுக்கும் ஒடம்புல கரண்டு ஜாஸ்தி" என்று வைத்தியர்போலச் சொல்லிவிட்டு வந்தேன். (இதையெல்லாம் நெனச்சா இப்பவும் மூஞ்சிய முந்தானைல மூடிக்கிறேன்.)

ஒரே மாதத்தில் மூன்று எலெக்ட்ரீசியன்கள் வீட்டுக்கு வந்தார்கள். இதை நிறுத்திப் படியுங்கள். இருபத்து மூன்று வருஷமாக என் கையில் கரண்டு அடித்தது. ஒரு ஆள் வந்து பார்க்கவில்லை. மருமகனின் பெட்டி ம்ம் என்றது. மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் தெரு டிரான்ஸ்ஃபார்மரைக் குற்றம் சொன்னான். ரெண்டாமவன் டியூப்லைட்டைக் குற்றம் சொல்லி, எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போனான். மூன்றாவதாக வந்தவர் காதர் பாய். என் வீட்டுக்காரரோடு ஒரு காலத்தில் சேர்ந்து வேலை செய்தவர். ரெண்டு ஒயரோடு ஒரு குண்டுபல்பை எடுத்தார். ஒரு ஒயரைப் பிளக்கின் கரண்டு ஓட்டையிலும், இன்னொன்றை மேலே இருக்கிற பெரிய எர்த்து ஓட்டையிலும் வைத்தார். பல்பு எரியவில்லை. வேறு பிளக்கில் வைத்தார். எரியவில்லை. வீடு முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, எர்த்து வேல செய்யலம்மா."

"எப்புடி பாய் வேல செய்யாது? வாராவாரம் தண்ணி ஊத்துறேன், உப்புப் போடுறேன்!"

"நீங்க ஊத்துறீங்கம்மா, நான் இல்லங்கல. கீழ என்னத்துக்கு ஊத்துறீங்கன்னுதான் தெரியல."

"ஒங்க அண்ணன் வேலையையா சந்தேகப்படுறீங்க?"

பாய் பல்பைப் பைக்குள் போட்டார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் முன்னறையில் மருமகன் என் மகளிடம் பேசியது அடுப்படிக்குக் கேட்டது. ஜெபாவுக்கு அப்போது ஆறு மாசம்.

"ஜெபா, இந்த வீட்டு வயரிங்ல என்னமோ மோசம் இருக்கு. பிள்ள நாளைக்குத் தவழ ஆரம்பிச்சா கண்டதுல கை வைக்கும். பைபாஸ் பக்கம் ஒரு வாடகை வீடு பாத்துருவோம்."

"அம்மா ஒத்தையில கெடக்கணுமா?"

"அத்தையும் வரட்டும். ஆனா மாமா கட்டுன வீட்ட விட்டு அவங்க வரமாட்டாங்க, எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: முனகல் இந்த வீட்டுடையது என்று ஆகிவிட்டால் மகள் போய்விடுவாள், பேரப்பிள்ளை வேறு வீட்டில் தவழும். முனகல் அந்தப் பெட்டியுடையது என்று ஆகிவிட்டால் எல்லாரும் இங்கேயே இருப்பார்கள். ஆகவே நான் பெட்டிக்கு எதிராகவும் என் வீட்டுக்காரருக்குச் சாதகமாகவும் கட்சி கட்டினேன்.

நினைவு ஜெபம் வந்தது. சந்து நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. உசிலம்பட்டியிலிருந்து என் நாத்தனார் கிரேஸ், ஒரு பை நிறைய மொச்சைக்காயோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். காதர் பாயும் வந்திருந்தார். போதகர் எழுந்து பேசினார்.

"தங்கராஜ் ஐயா கண்ணுக்குத் தெரியாத வேலையையும் உண்மையாச் செஞ்சவரு. சுவத்துக்குள்ள போற கம்பிய யாரு பாக்கப்போறாங்க? மண்ணுக்குள்ள கெடக்குறத யாரு தோண்டிப் பாக்கப்போறாங்க? ஆண்டவர் பாக்குறார்!"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். காதர் பாய் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்ததாக, ஐயாவுக்குப் பிடித்த கீர்த்தனையை மருமகன் அந்தப் பெட்டியில் போடுவதாக ஏற்பாடு. ஜனங்களுக்குக் கேட்கவேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டினார். கூடவே முனகலும் கூடியது. கீர்த்தனை ஒரு ஆள் பாடியதுபோலவும், முனகல் ஒரு சபையே பாடியதுபோலவும் இருந்தது. சரியாகக் கண் தெரியாத ஒரு கிழவி, "ஏத்தா, தங்கராசா மொனகுறான்? இன்னும் உசுரு இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள்.

மருமகன் பெட்டியை நோக்கி ஓடுவதற்குள் போதகர் முந்திக்கொண்டார். "பதறாதீங்க தம்பி" என்று சொல்லி, அப்போதுதான் கழுவிய ஈரக் கையை, வெறுங்காலோடு, ஆம்ப்ளிஃபயர்மேல் வைத்தார்.

முனகல் நின்றது.

"ஸ்தோத்திரம்!" என்று பின்வரிசையில் ஒரு பெண் கத்தினாள். நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள். போதகருக்கே முகத்தில் ஒரு ஆச்சரியம். சத்தியமாகச் சொல்கிறேன், ரெண்டு நிமிஷம் அந்த மனிதர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், கரண்டு விட்டிருந்தால். விடவில்லை. "ஆத்தாடி!" என்று ஒரு துள்ளு துள்ளினார். கண்ணாடி பறந்து காபித் தட்டில் விழுந்தது. முனகல் மறுபடி ஆரம்பித்தது.

மருமகன் பெட்டியை அணைத்துவிட்டு, போதகரின் கையைத் தேய்த்துவிட்டபடி, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்கங்கய்யா. இந்த வீட்ல எர்த்து இல்ல."

நான் எழுந்தேன்.

"மாப்ள! செத்த மனுசன் திரும்பி வந்து பதில் சொல்லமாட்டாருங்கிற தைரியத்துல பேசுறீங்களா?"

"அத்தை, நான் மாமாவச் சொல்லல..."

"வேற யாரச் சொல்றீங்க? ஆளு உயரத்துக்குத் தோண்டி செம்புத் தகடு வச்சிருக்காரு. எடுங்க மம்பட்டிய! ஐயா முன்னால, சபை முன்னால தோண்டிப் பாருங்க. தகடு இருந்துச்சுன்னா நீங்க இந்த வீட்ட விட்டு ஒரு அடி நகரக்கூடாது."

"இல்லேன்னா அத்தை?"

"இல்லேன்னா, ஒங்க பெட்டிய நானே தலையில தூக்கிட்டு வாடகை வீட்டுக்கு வாரேன்!"

ஜெபா, "அம்மா, சும்மா இரும்மா" என்று என் கையைப் பிடித்தாள். உதறினேன். காதர் பாய் என் பக்கத்தில் வந்து, "அம்மா, இன்னைக்கு வேணாம்மா. நாளைக்கு நான் தனியா வந்து பாத்துட்டுப் போறேன்" என்று கெஞ்சினார்.

"ஏன் பாய், நீங்களும் அந்தக் கட்சியா?"

அந்த நல்ல மனிதர் எனக்குப் போட்ட கடைசிக் கயிறு அது. நான் பிடிக்கவில்லை.

மொத்தச் சபையும் பின்பக்கம் வந்து நின்றது. மருமகன் மம்பட்டியை ஓங்கப்போனார். "குழாயில பட்டுறப்போவுது, இருங்க" என்று சொல்லி, காதர் பாய் குனிந்து குழாயைப் பிடித்தார். பிடித்தார், அவ்வளவுதான். முள்ளங்கிமாதிரி கையோடு வந்துவிட்டது.

ஒன்றரை அடி. அதற்குமேல் ஒரு விரற்கடைகூட இல்லை. பச்சை வயரும் கூடவே வந்தது, ஒரு சாண் நீளம். அதன் மறுமுனை எதிலும் மாட்டியிருக்கவில்லை. சுவர் ஓட்டைக்குள் சும்மா சொருகி வைத்திருந்தது.

"இன்னும் தோண்டுங்க" என்றேன். இடுப்பளவு தோண்டினார்கள். உடைந்த ஓடு, செங்கல் துண்டு, பாளம்பாளமாக உப்பு. நான் போட்ட உப்பு. ஒரு மண்புழுகூட இல்லை. (அம்புட்டு உப்புல எது பொழைக்கும்?)

போதகர் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தை இதுவரை பார்க்காததுபோல் பார்த்தார். அப்போது என் நாத்தனார் கிரேஸ், கள்ளங்கபடம் இல்லாமல், ஒரு அடி முன்னால் வந்து குழியை எட்டிப் பார்த்தாள்.

"மதினி, செம்புத் தகடா தேடுறீக? இம்புட்டு அகலத்துல, ஓரத்துல ரெண்டு ஓட்ட போட்டதா?"

"ஆமா."

"அது எங்க வீட்லயில்ல இருக்கு!"

"ஒங்க வீட்லயா?"

"ஆமா மதினி. நாங்களும் அதே வருசம் வீடு கட்டையில அண்ணந்தான் பஸ்ஸுல தூக்கிட்டு வந்து பொதச்சுச்சு. 'வீட்ல குழந்த குட்டி இருக்கு தங்கச்சி, ஒனக்கு ஒண்ணு ஆனா நான் தாங்கமாட்டேன்'னு அழுதுச்சு. தங்கமான அண்ணன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஒன்றே ஒன்று கேட்கவேண்டியிருந்தது.

"ஏத்தா கிரேஸு, ஒங்க வீட்டு கிரைண்டரு அடிக்காதா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"கிரைண்டரு எதுக்கு மதினி அடிக்கும்?"

"ஜெபத்த முடிங்கய்யா, சோறு ஆறுது" என்றேன். போதகர் பாவம். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் மண்ணுக்குள் கிடப்பதைப் பற்றி அப்படிப் பேசியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "ஆண்டவரே, எங்கள் சகோதரன் தங்கராஜ் தன் தங்கைமேல் வைத்திருந்த பாசத்துக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆமென் சொல்லக்கூட ஆளில்லை. கிரேஸ் மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் காதர் பாய் வந்து நிஜமாகவே குழி தோண்டினார். என்ன கோளாறு என்று அப்போதுதான் எனக்குப் புரியும்படி சொன்னார்.

"ஃபிரிட்ஜு, கிரைண்டருலருந்து துளித்துளியாக் கசியிற கரண்டு மண்ணுக்குள்ள எறங்கணும்மா. இங்க எறங்க வழியே இல்ல. வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு கெடந்துச்சு. பெட்டியில பூந்தா மொனகும். ஆளு தொட்டா, ஆளு வழியா எறங்கும்."

"அப்ப இத்தன வருசமா இந்த வீட்டுக்கு எர்த்து யாரு பாய்?"

பாய் மம்பட்டியில் ஒட்டிய மண்ணை வழித்தார். மருமகன்தான், "நீங்கதான் அத்தை" என்றார். சிரிக்காமல் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய பெட்டியை நான் மன்னித்தேன்.

தகடு வைத்தார்கள், கரி போட்டார்கள், மூடினார்கள். மருமகன் பெட்டியைப் போட்டார். வயலின்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தார், வயிற்றுவலி போயிருந்தது. வாடகை வீட்டுப் பேச்சும் அதோடு போயிற்று. நான் அடுப்படிக்குப் போய், பலகையைக் காலால் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு, ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டேன். ஒன்றுமில்லை. என் உடம்பில் கரண்டு இல்லை என்பதை ஐம்பத்திரண்டாவது வயதில் தெரிந்துகொண்டேன்.

தகட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. வேறொரு தகடு பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார், மறந்திருப்பார், சொல்ல வெட்கப்பட்டிருப்பார். நான் தாங்காதது வேறு. எத்தனையோ சனிக்கிழமை அவர் பின்வாசலில் காபி டம்ளரோடு நின்று, நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கை உப்புப் போடு லீதி" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று ஆறு மாசமாக ஜெபாவின் வயிற்றில் இருந்த பேத்தி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். எங்கள் வீட்டில் எந்த ஆம்பிளையும் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டால் அதற்கு ஒரே பேர்தான். மருமகன் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்தால், "அப்பாவுக்குத் தங்கச்சி பாசம் வந்துருச்சு அம்மாச்சி!" என்று கத்துவாள். மருமகனுக்குத் தங்கச்சியே கிடையாது.

வருஷாவருஷம் நினைவு ஜெபமும் நடக்கிறது. இதற்குள் போதகர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். யார் வந்தாலும், "ஐயாவைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா" என்பார்கள். நானும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "தங்கச்சிமேல ரொம்பப் பாசமா இருப்பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்காருவேன். மகள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். பேத்தி பின்பக்கம் ஓடிவிடுவாள். மருமகன் தரையைப் பார்ப்பார். புதுப் போதகர் அதைத் தாளில் குறித்துக்கொள்வார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற கிரேஸ் மட்டும், ஒவ்வொரு வருஷமும், நிஜமாகவே அழுவாள்.